இசட்டில் வர வேண்டிய ஈர்ப்பு ஒய்யில் வந்தால்: சென்சார் பஃபர் அலைன்மென்ட் பிழைகளை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

மதுரையை அடுத்த கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஆலை மோட்டாரில் ஒட்டும் அதிர்வுப் பெட்டி, திருமங்கலம் தாண்டி மல்லிகைத் தோட்டத்தில் நிற்கும் வானிலைப் பெட்டி, டவுன்ஹால் ரோட்டில் சென்சார் வாங்கி மாணவர்கள் செய்துகொண்டு வரும் புராஜெக்ட் போர்டு. மூன்றிலும் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்றுதான்: வயரிங் சரி, சென்சார் பதில் சொல்கிறது, எண் மட்டும் தப்பு. உடனே சென்சாரை மாற்றிப் பார்க்கிறார்கள். மாற்றினாலும் அதே தப்பு வரும்போது, கோடில் எங்காவது கூட்டல் இரண்டு போட்டு எண்ணைச் சரிக்கட்டுகிறார்கள். அது ஒரு வாரம் தாங்கும். அடுத்த போர்டில், அடுத்த கம்பைலரில் மறுபடி வெடிக்கும்.

சென்சாரிலிருந்து வரும் பைட்டுகள் பஃபரில், அதாவது தற்காலிக நினைவிடத்தில், இடம் தவறி உட்காருவதோ இடம் தவறிப் படிக்கப்படுவதோதான் அலைன்மென்ட் பிழை. இந்த வகைப் பிழையில் இரண்டு கேள்விக்கு விடை தெரிந்தால் போதும். எத்தனை பைட் தள்ளியிருக்கிறது? எப்போதிலிருந்து தள்ளியிருக்கிறது? தொடக்கத்திலிருந்தே ஒரே அளவு தள்ளியிருந்தால் ஒரு காரணம். ரெக்கார்டுக்கு ரெக்கார்டு (ஒரு முறை அளந்த எண்களின் தொகுப்பு ஒரு ரெக்கார்டு) கூடிக்கொண்டே போனால் வேறு காரணம். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று மாறினால் அது இன்னொன்று. கீழே ஒவ்வொரு அறிகுறியையும் இந்த இரண்டு கேள்வியோடு சேர்த்தே பார்க்கிறேன்.

எதற்கும் முன்னால்: ரா பைட்டை அச்சிடுங்கள்

எண்ணாக மாற்றுவதற்கு முன், பஃபரில் உள்ள பைட்டுகளை ஹெக்ஸில் (16 அடிமான எண்களில்) அப்படியே அச்சிட்டுப் பாருங்கள். இதைத் தவிர்த்துவிட்டு யாரும் இந்தப் பிழையை நேராகப் பிடித்து நான் பார்த்ததில்லை.

ஆக்சிலரோமீட்டரும் ஜைரோவும் சேர்ந்த, அதாவது முடுக்கமும் சுழற்சியும் அளக்கும், எம்பியூ6050 சிப்பை எடுத்துக்கொள்வோம். ±2 ஜி அமைப்பில் ஒரு ஜி (புவியீர்ப்பின் அளவு) என்பது 16384, அதாவது ஹெக்ஸில் 4000. போர்டை மேசையில் படுக்க வைத்தால் எக்ஸும் ஒய்யும் பூஜ்யத்தை ஒட்டியும், இசட் 4000-ஐ ஒட்டியும் இருக்க வேண்டும். இந்த சிப் பெரிய பைட்டை முதலில் தரும். ஆறு பைட் இப்படி வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்:

00 64 00 12 40 08

சரியாகப் படித்தால் எக்ஸ் 100, ஒய் 18, இசட் 16392. இதையே பைட்டை முன்பின் மாற்றிப் படித்தால் எக்ஸ் 25600, ஒய் 4608, இசட் 2112. இப்போது பைட் வரிசை சரிதான், ஆனால் தொடக்கம் ஒரு பைட் தள்ளிவிட்டது என்று வையுங்கள். எக்ஸ் 25600, ஒய் 4672, இசட் 2048 என்று வரும். இரண்டு பிழையும் கிட்டத்தட்ட ஒரே எண்களைத்தான் தருகின்றன. எண்ணை மட்டும் பார்ப்பவர் வரிசைப் பிழை என்று நினைத்துத் திருப்பிப் போடுவார், உண்மையில் நடந்தது நழுவலாக இருக்கும். ஹெக்ஸைப் பார்த்தால் குழப்பமே இல்லை. 40 என்ற பைட் ஐந்தாவது இடத்தில் இருந்தால் பஃபர் சரி, படிக்கும் முறை தப்பு. நான்காவது இடத்துக்கு வந்துவிட்டால் பஃபரே நழுவியிருக்கிறது.

சந்தேகமாக இருந்தால் போர்டைக் கவிழ்த்து வையுங்கள். எந்த இடத்து பைட் பெரிதாக மாறுகிறதோ அதுதான் இசட்டின் மேல் பைட். டேட்டாஷீட் எந்த இடம் என்று சொல்கிறதோ, அதோடு ஒப்பிடுங்கள்.

போர்டு படுத்திருக்கிறது, எண்ணோ நிமிர்ந்து நிற்பதாகச் சொல்கிறது

பல மணி நேரம் ஒழுங்காக ஓடுகிறது. பிறகு ஒரு நொடியில் ஈர்ப்பு இசட்டிலிருந்து ஒய்க்குத் தாவிவிடுகிறது. அதற்குப் பிறகு ரீசெட் செய்யும் வரை அப்படியே இருக்கிறது. ஆலையில் ஃபிட்டர் ஒருவர் இதை அழகாகச் சொன்னார்: “தம்பி, மோட்டாரு நின்னு அரை மணி ஆச்சு. ஒங்க பெட்டி மட்டும் மோட்டாரு சாஞ்சு கெடக்குன்னே சொல்லுதே?” “எப்பருந்துண்ணே? கரண்டு போயி வந்ததுலருந்தா?” என்று கேட்டேன். “இல்ல தம்பி, மெமரி கார்டு மாத்துனதுலருந்து.”

அந்தப் பதிலிலேயே காரணம் இருக்கிறது. எம்பியூ6050-இன் ஃபிஃபோ, அதாவது முதலில் வந்ததை முதலில் தரும் உள் பஃபர், 1024 பைட். ஆக்சிலரோமீட்டர் மட்டும் என்றால் ரெக்கார்டுக்கு ஆறு பைட். நொடிக்கு ஆயிரம் ரெக்கார்டு என்றால் 6000 பைட். ஃபிஃபோ நிரம்ப 170 மில்லிசெகண்டு போதும். எஸ்டி கார்டு எழுதும்போது சில நேரம் 200 மில்லிசெகண்டுக்கு மேலேயே நின்றுவிடும், மலிவான கார்டு இன்னும் அடிக்கடி நிற்கும். அதற்குள் ஃபிஃபோ வழிந்துவிடுகிறது.

வழிந்தால் பழைய டேட்டா அழிந்து புதியது உட்காரும். டேட்டா போனால் போகட்டும், கஷ்டம் அதில் இல்லை. 1024-ஐ ஆறால் வகுத்தால் மீதி நான்கு. அதாவது உள்ளே 170 முழு ரெக்கார்டும், தலையில் வெட்டுப்பட்ட ஒரு ரெக்கார்டின் கடைசி நான்கு பைட்டும் இருக்கும். அந்த நான்கு பைட் ஒய்யும் இசட்டும். சென்சாரைப் படிக்கும் நிரலான டிரைவருக்கு அது தெரியாது, முதல் இரண்டு பைட்டை எக்ஸ் என்றே எடுத்துக்கொள்ளும். எக்ஸ் இடத்தில் ஒய், ஒய் இடத்தில் இசட், இசட் இடத்தில் அடுத்த ரெக்கார்டின் எக்ஸ். பெட்டி சாய்ந்து கிடக்கிறது என்று சொல்வது இதனால்தான். ஜைரோவையும் சேர்த்து 12 பைட்டாக எடுத்தாலும் 1024 சரியாக வகுபடாது. வெப்பநிலையும் சேர்த்து 14 ஆக்கினாலும் அப்படியே.

சரிசெய்யும் வழி: ஒவ்வொரு முறை படிக்கும் முன்னும் இன்டரப்ட் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் (சிப்பின் உள் நினைவுக் கட்டம்) வழிந்ததைக் காட்டும் ஓவர்ஃபிளோ பிட்டைப் பாருங்கள். அது ஏறியிருந்தால் ஃபிஃபோவை நிறுத்தி, காலி செய்து, மறுபடி தொடங்குங்கள். இருப்பதில் நல்லதைப் பொறுக்கி எடுக்க முயல வேண்டாம். ஓவர்ஃபிளோ இல்லையென்றால் எத்தனை பைட் இருக்கிறது என்று ஹெக்ஸ் 72, 73 ரெஜிஸ்டர்களில் படித்து, அதை ஆறின் மடங்காகக் கீழே இறக்கி, அவ்வளவை மட்டும் எடுங்கள். மீதி அடுத்த சுற்றுக்கு அங்கேயே இருக்கட்டும். 72-ஐ முதலில், 73-ஐ அடுத்து, அந்த வரிசையிலேயே படிக்க வேண்டும்.

விட்டுப்போன இடத்தைப் பதிவு செய்யவும் மறக்காதீர்கள். அதிர்வு டேட்டாவை அதிர்வெண்களாகப் பிரித்துப் பார்க்கும்போது நடுவில் காணாமல் போன 170 மில்லிசெகண்டை யாரும் கவனிக்காவிட்டால், பேரிங் தேய்ந்துவிட்டது என்று தப்பாக முடிவெடுக்க அதுவே போதும். நல்ல மோட்டாரைக் கழற்ற வைப்பது சின்ன விஷயமில்லை.

முதல் ரெக்கார்டு சரி, அடுத்ததிலிருந்து தப்பு, எட்டு தள்ளி மறுபடி சரி

போர்டிலிருந்து கணினிக்கு ஸ்ட்ரக்டை, அதாவது பல புலங்களை ஒன்றாகக் கட்டிய சி மொழித் தொகுப்பை, அப்படியே அனுப்பி, கணினியில் பைத்தானில் பிரிக்கும்போது வருவது இது. ஸ்ட்ரக்டில் ஒரு பைட் அடையாள எண், நான்கு பைட் நேரம், இரண்டு பைட்டாக மூன்று அச்சு. கூட்டினால் 11. ஆனால் 32 பிட் போர்டில் சைஸ்ஆஃப் 16 என்று சொல்லும். நேரம் நான்கால் வகுபடும் இடத்தில்தான் உட்காரும் என்பதால் அடையாள எண்ணுக்குப் பின் மூன்று வெற்று பைட். கடைசியில், அடுத்த ரெக்கார்டும் ஒழுங்காகத் தொடங்க வேண்டும் என்பதற்காக இன்னும் இரண்டு.

பைத்தானின் ஸ்ட்ரக்ட் மாட்யூல் முன்னொட்டு எதுவும் போடாவிட்டால் கணினியின் இயல்பான அலைன்மென்டைப் பின்பற்றும். ஆனால் நடுவில் உள்ள மூன்று பைட்டைத்தான் சேர்க்கும், கடைசி இரண்டைச் சேர்க்காது. அதன் கணக்கில் ரெக்கார்டு 14 பைட். போர்டு 16 அனுப்ப, கணினி 14 எடுக்க, ரெக்கார்டுக்கு இரண்டு பைட் நழுவல். எட்டு ரெக்கார்டு எடுத்தால் 112 பைட். போர்டின் கணக்கில் அது சரியாக ஏழு ரெக்கார்டு. அதனால் ஒன்பதாவது, பதினேழாவது மறுபடி சரியாக வரும். எட்டுக்கு ஒன்று சரியாக வருவதைப் பார்த்து இரைச்சல் என்று நினைத்து ஃபில்டர் போடுகிறவர்கள் உண்டு. தப்பு ஒழுங்கான இடைவெளியில் வந்தால் அது இரைச்சல் இல்லை, இரண்டு அளவு மோதுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முன்னொட்டாக < குறி போட்டு லிட்டில் எண்டியன் (சிறிய பைட் முதலில்) என்று சொன்னால் பைத்தான் வெற்று பைட் எதையும் சேர்க்காது, 11 என்றே எண்ணும். அப்போது முதல் ரெக்கார்டிலேயே நேரம் கெட்டுவிடும். மூன்று வெற்று பைட்டும் நேரத்தின் முதல் பைட்டும் சேர்ந்து ஒரு எண்ணாக, கோடிக்கணக்கில் எகிறிக் குதிக்கும். ஆக முதல் ரெக்கார்டு சரியா தப்பா என்பதை வைத்தே கணினி 14 எண்ணுகிறதா 11 எண்ணுகிறதா என்று சொல்லிவிடலாம்.

இதற்கு மருந்து, பெரிய புலத்தை முதலில் வைப்பது. நேரம், அப்புறம் மூன்று அச்சு, அப்புறம் அடையாள எண், கடைசியில் ‘ஒதுக்கப்பட்டது’ என்று நீங்களே பெயர் வைத்து பூஜ்யம் நிரப்பிய ஒரு பைட். மொத்தம் 12. கம்பைலர் ரகசியமாகச் சேர்க்க எதுவும் மிச்சமில்லை. அதற்குக் கீழேயே ஸ்டாடிக் அசெர்ட் ஒன்று போட்டு, சைஸ்ஆஃப் 12, அச்சுகளின் ஆஃப்செட்ஆஃப் (தொடங்கும் இடம்) 4 என்று கட்டிவைத்துவிடுங்கள். நாளைக்கு யாராவது நடுவில் ஒரு புலத்தைச் செருகினால் கம்பைலே ஆகாது. பைத்தான் பக்கமும் அதே 12-ஐ வெளிப்படையாக எழுதுங்கள்.

உனோவில் ஓடியது, நோட்எம்சியூவில் எக்செப்ஷன் 9

மாணவர்கள் கொண்டுவரும் போர்டுகளில் இதுதான் அதிகம். ஆர்டினோ உனோவில் இருப்பது எட்டு பிட் ஏவிஆர் சிப். அதற்கு எந்த முகவரியும் ஒன்றுதான், அலைன்மென்ட் என்ற தேவையே இல்லை. அதே கோடை நோட்எம்சியூவில் இருக்கும் இஎஸ்பி8266-க்குக் கொண்டுபோனால் எக்செப்ஷன் 9 என்று சீரியலில் அச்சிட்டுவிட்டு ரீபூட் ஆகும். ஒன்பது என்பது அலைன் ஆகாத, அதாவது எண்ணின் அளவால் வகுபடாத, முகவரியில் படித்தது அல்லது எழுதியது. ராஸ்பெர்ரி பை பிக்கோவில் கார்டெக்ஸ் எம்0 பிளஸ் பிராசசர், அது எதுவும் சொல்லாமல் ஹார்ட்ஃபால்ட் என்ற பிழை நிலையில் நின்றுவிடும்.

எங்கே நடக்கிறது என்று பார்த்தால் பெரும்பாலும் ஒரே வரிதான். சிப்பும் சென்சாரும் பேசிக்கொள்ளும் எஸ்பிஐ இணைப்பில் முதலில் கட்டளை பைட் போகும், அந்த நேரத்தில் உள்ளே வரும் முதல் பைட் குப்பை. உண்மையான டேட்டா பஃபரின் ஒன்றாம் இடத்திலிருந்து தொடங்கும். பஃபர் இரட்டைப்படை முகவரியில் இருந்தால் டேட்டா ஒற்றைப்படை முகவரியில். அந்த இடத்தின் முகவரியை எடுத்து 16 பிட் பாயின்டராகக் காஸ்ட் செய்து படிப்பார்கள். உடனே விழும்.

எஸ்டிஎம்32 எஃப்4 மாதிரி கார்டெக்ஸ் எம்4 சிப்பில் இந்த வரி விழாமல் ஓடிவிடும், அதுதான் இன்னும் ஆபத்து. தனி வேர்டு (நான்கு பைட்), பாதி வேர்டு என்றால் எம்4 பொறுத்துக்கொள்ளும். இரண்டு வேர்டைச் சேர்த்துப் படிக்கும் கட்டளைகளுக்குப் பொறுக்காது. ஆப்டிமைசேஷனைக் கூட்டும்போது கம்பைலர் பக்கத்துப் பக்கத்து இரண்டு படிப்புகளை ஒன்றாக்கிவிடும். டீபக் பில்டில் ஓடுகிறது, ரிலீஸ் பில்டில் விழுகிறது என்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். எம்3, எம்4-இல் ஃபால்ட் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் 24-ஆவது பிட் ஏறியிருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

காஸ்ட் செய்யாமல், பைட்டுகளை நகலெடுக்கும் மெம்காப்பி செய்யுங்கள். இரண்டு பைட்டுக்கு மெம்காப்பியா, மெதுவாகிவிடாதா என்று கேட்பார்கள். அளவு நிலையாக இருந்தால், சிப் அனுமதிக்கும் இடத்தில் கம்பைலரே அதை ஒற்றைக் கட்டளையாக்கிவிடும். அல்லது மேல் பைட்டை எட்டு பிட் இடது தள்ளி, கீழ் பைட்டைச் சேர்த்து எண்ணைக் கட்டுங்கள். இதில் பைட் வரிசைப் பிரச்சினையும் கூடவே தீர்ந்துவிடும் என்பதால் என் ஓட்டு இதற்குத்தான்.

ஸ்ட்ரக்டுக்கு மேல், வெற்று பைட் சேர்க்காதே என்று சொல்லும் பேக்டு என்று போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை ஓடுகிறது. புலத்தை நேராகப் படித்தால் சரிதான், கம்பைலர் பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்தப் புலத்தின் முகவரியை எடுத்து ஒரு ஃபங்ஷனுக்குக் கொடுத்தால், உள்ளே போன பாயின்டருக்குத் தான் பேக்டு வீட்டிலிருந்து வந்தது தெரியாது. ஜிசிசி கம்பைலர் 9-ஆம் பதிப்பிலிருந்து இதற்குத் தானாகவே எச்சரிக்கை தருகிறது. அந்த எச்சரிக்கையை அணைத்துவிட்டு மேலே போகாதீர்கள், அது சொல்வது உண்மை.

காலையில் 220 டிகிரி, மதியம் சரியான வெப்பநிலை

இதில் பைட் எதுவும் நழுவவில்லை, உனோவிலிருந்து மாறும்போது கூடவே வரும் பிழை. இதை மதுரையில் பிடிப்பது கொஞ்சம் கடினம் என்பதால் சேர்க்கிறேன். எம்பியூ6050-இன் வெப்பநிலைக் கணக்கு: ரா எண்ணை 340-ஆல் வகுத்து 36.53 கூட்ட வேண்டும். அதாவது சிப் 36.53 டிகிரியைத் தாண்டினால் ரா எண் நேர்மறை, கீழே இருந்தால் எதிர்மறை. உனோவில் இன்ட் என்பது 16 பிட், இரண்டு பைட்டைச் சேர்த்தால் எதிர்மறைக் குறி தானாக வந்துவிடும். இஎஸ்பியில் இன்ட் 32 பிட். எதிர்மறை 1 என்று வர வேண்டியது 65535 ஆகிவிடும். வகுத்துக் கூட்டினால் 229 டிகிரி.

மே மாதம் பட்டறையில் மதியம் சோதித்தால் பெட்டிக்குள் 36.53-க்கு மேல்தான் இருக்கும், பிழை கண்ணிலேயே படாது. விடியற்காலை பூப்பறிக்கும் நேரத்தில் தோட்டத்துப் பெட்டி 218, 220 என்று அனுப்பும். இரண்டு பைட்டைச் சேர்த்தவுடன் 16 பிட் குறியுள்ள எண்ணாக மாற்றிவிட்டு அப்புறம் வகுத்தால் தீர்ந்தது. சோதிக்கும்போது போர்டு ஆறியிருக்கட்டும்.

லினக்ஸில் அச்சு எண்கள் சரி, நேரம் குப்பை

ராஸ்பெர்ரி பையிலோ ஆலையில் கிடக்கும் பழைய 32 பிட் கணினியிலோ கர்னல் டிரைவர் எழுதுகிறவர்களுக்கு இது. லினக்ஸில் சென்சார்களைக் கையாளும் ஐஐஓ துணை அமைப்பில் ஒவ்வொரு சேனலும் தன் அளவால் வகுபடும் இடத்தில் உட்காரும். 16 பிட் சேனல் மூன்றும் நேரமும் என்றால் ஆறு பைட் டேட்டா, இரண்டு வெற்று, எட்டு பைட் நேரம், மொத்தம் 16. எக்ஸை மட்டும் இயக்கினாலும் 16-தான், இரண்டு பைட் டேட்டாவுக்குப் பின் ஆறு வெற்று. பயனர் பக்கத்து நிரல் இதைப் பத்து என்று எண்ணினால் நேரம் கெடும். எந்த சேனல் இயங்குகிறது என்பதைப் பொறுத்து இடம் மாறும் என்பதால், ஸ்கேன் எலிமென்ட்ஸ் அடைவில் உள்ள டைப் கோப்பைப் படித்துக் கணக்கிடுங்கள், நிலையான எண்ணை எழுதிவைக்காதீர்கள்.

டிரைவர் பக்கம் இன்னொரு பள்ளம். நேரத்தோடு பஃபரைத் தள்ளும் ஃபங்ஷன், கொடுக்கும் நினைவிடம் எட்டால் வகுபடும் முகவரியில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு எழுதும். வெறும் பைட் வரிசையைக் கொடுத்தால் அந்த உத்தரவாதம் இல்லை. 2020-இல் ஐஐஓ பராமரிப்பாளர் ஜோனதன் கேமரூன் பல டிரைவர்களில் வரிசையாக இந்த ஒரே பிழையைச் சரிசெய்தார். சேனல்களுக்குப் பின்னால் 64 பிட் நேரத்தை வைத்து ஒரு ஸ்ட்ரக்ட் ஆக்குவதுதான் திருத்தம். ஆனால் 32 பிட் எக்ஸ்86-இல் ஸ்ட்ரக்டுக்குள் 64 பிட் எண் நான்கால் வகுபடும் இடத்திலேயே திருப்தியாகிவிடும். ஒற்றை 16 பிட் சேனல் என்றால் நேரம் எட்டாம் பைட்டில் உட்காராமல் நான்காம் பைட்டில் உட்கார்ந்துவிடும். அதனால் நேரப் புலத்துக்கு எட்டு என்று அலைன்மென்டை வெளிப்படையாக எழுத வேண்டும்.

அந்த ஸ்ட்ரக்டை ஸ்டாக்கில் வைத்தால் முதலில் மெம்செட் போட்டுப் பூஜ்யமாக்குங்கள். இல்லாவிட்டால் வெற்று பைட்டுகளில் கர்னலின் பழைய நினைவகத் துண்டுகள் வெளியே போகும். எண் சரியாகவே தெரியும், கசிவு மட்டும் தொடரும். பாதுகாப்பு விஷயம் என்பதால் இதை நான் அழுத்திச் சொல்வேன்.

எப்போதாவது பழைய சாம்பிள் திரும்ப வருகிறது, பக்கத்து வேரியபிள் கெடுகிறது

டிஎம்ஏவும் (பிராசசர் தலையிடாமல் நினைவகத்துக்கு டேட்டா நகர்த்தும் முறை) கேஷும் (பிராசசரின் வேக நினைவகம்) சேர்ந்த இடத்தில் வருவது. கார்டெக்ஸ் எம்7-இல் கேஷ் வரி 32 பைட். உங்கள் டிஎம்ஏ பஃபர் ஒரு வரியின் நடுவில் தொடங்கி, அதே வரியில் வேறொரு கவுன்டரும் இருந்தால், கேஷை இன்வாலிடேட் செய்யும்போது, அதாவது செல்லாததாக்கும்போது, கவுன்டரின் புதிய மதிப்பு போய்விடும். செய்யாவிட்டால் பழைய சாம்பிளையே படிப்பீர்கள். பஃபர் 32-இல் தொடங்கட்டும், அளவும் 32-இன் மடங்காக இருக்கட்டும். சாம்பிள் 6 பைட்தான் என்றாலும் பரவாயில்லை. லினக்ஸில் இதற்கென்றே ஐஐஓவில் டிஎம்ஏ குறைந்தபட்ச அலைன்மென்டுக்கு ஒரு மேக்ரோ இருக்கிறது, அதைப் போட்டு பஃபரை ஸ்ட்ரக்டின் கடைசியில் வையுங்கள். ஸ்டாக்கில் உள்ள பஃபரை எஸ்பிஐ டிஎம்ஏவுக்குக் கொடுக்கவே கூடாது.

எண் 256 அளவுக்குத் தாவுகிறது, ஆனால் எப்போதும் இல்லை

அலைன்மென்ட் மாதிரியே தெரியும், அது இல்லை. பைட் வரிசை தப்பென்றால் சின்ன அசைவுக்கெல்லாம் 256-இன் மடங்காகக் குதித்துக்கொண்டே இருக்கும். இங்கே எப்போதாவது ஒரு சாம்பிள் மட்டும் ஏறத்தாழ 256 கூடியோ குறைந்தோ வந்துவிட்டு அடுத்தது ஒழுங்காகிவிடும். மேல் பைட்டைப் படித்துக் கீழ் பைட்டைப் படிப்பதற்குள் சென்சார் புதிய சாம்பிளை எழுதிவிட்டது, பாதி பழையது, பாதி புதியது. ரா பைட்டில் இடம் எதுவும் நழுவியிருக்காது, அதுவே அடையாளம். ஏடிஎக்ஸ்எல்345 மாதிரி சென்சாரில் ஆறு ரெஜிஸ்டரையும் ஒரே மூச்சில் தொடர்ச்சியாகப் படித்தால் நின்றுவிடும். எஸ்பிஐயில் படிக்கிறீர்கள் என்றால், முகவரி பைட்டில் தொடர் வாசிப்புக்கான பிட்டை ஏற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் நீங்கள் ஆறு பைட் கேட்டாலும் சிப் ஒரு ரெஜிஸ்டரோடு நின்றுவிடும்.